அஸருக்குள் கஞ்சி இறங்க வேண்டும்

நோன்பு திறக்கக் கஞ்சி குடிக்க வேண்டும் என்று மார்க்கத்தில் எங்கும் இல்லை. பேரீச்சம்பழம், அது கிடைக்காவிட்டால் தண்ணீர், அவ்வளவுதான் சுன்னத், அதாவது நபிவழி. கஞ்சி இந்த மண்ணில் சேர்ந்துகொண்டது. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் என்று கடலோரம் நெடுக, உள்நாட்டில் மேலப்பாளையம் வரை, ரமலான் பிறை தெரிந்த மறுநாளே பள்ளிவாசலின் பின்கட்டில் அடுப்பு மூட்டிவிடுவார்கள். தமிழ் முஸ்லிம்கள் போய்க் குடியேறிய இடங்களுக்கும் அது கூடவே போனது. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளியிலும் இன்றும் ரமலானில் கஞ்சி ஊற்றுகிறார்கள்.

நோன்பாளி ஒருவருக்கு நோன்பு திறக்க உணவு கொடுப்பவருக்கு அந்த நோன்பாளிக்குக் கிடைக்கும் அதே நன்மை உண்டு, அவருடைய நன்மையில் எதுவும் குறையாமல். இந்த நபிமொழிதான் இதற்கெல்லாம் அடிப்படை. இதைப் பிரியாணி போட்டும் நிறைவேற்றலாம், பல ஊர்களில் ஒருநாள் இரண்டு நாள் போடவும் செய்கிறார்கள். ஆனால் முப்பது நாளும் ஊருக்கே கொடுப்பதற்குக் கஞ்சியைப் போல ஒத்துவரும் சாப்பாடு வேறில்லை. பிரியாணியில் கறித்துண்டு யாருக்கு விழுந்தது, வெறும் சோறு யாருக்கு விழுந்தது என்ற கணக்கு வரும். கஞ்சியில் ஒரு அகப்பை இன்னொரு அகப்பைக்குச் சமம். கூட்டம் கூடினால் கொஞ்சம் வெந்நீர் விட்டு நீட்டலாம். பல் இல்லாத கிழவரும் பால்குடி மறந்த பிள்ளையும் குடிக்கலாம். பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல் காய்ந்த வயிற்றுக்குத் தண்ணீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் ஒரே கோப்பையில் போய்ச் சேரும்.

ஒரு அகப்பை இன்னொன்றுக்குச் சமம் என்றது சும்மா அமைவதில்லை. கிளறாத கஞ்சியில் முதல் நூறு பேருக்குத் தண்ணீரும் கடைசி நூறு பேருக்குப் பருப்புக் கூழும்தான் போகும். எனவே இந்தச் சேவையைப் புரிந்துகொள்ள அடுப்படிக்குத்தான் போக வேண்டும்.

நடுத்தரமான ஒரு மஹல்லாவை, அதாவது ஒரு பள்ளிவாசலைச் சேர்ந்த குடியிருப்பை, எடுத்துக்கொள்வோம். பள்ளிக்குள்ளேயே நோன்பு திறப்பவர்கள் 300 பேர், ஆளுக்கு 300 மில்லி என்றால் 90 லிட்டர். வீட்டுக்கு வாங்கிப் போக வரும் தூக்குச்சட்டிகள் 220, ஒன்றுக்கு ஒரு லிட்டர் வைத்தால் 220 லிட்டர். ஆக 310. தாமதமாக வருகிறவர்களுக்கு ஒரு பதினைந்து லிட்டர் கையிருப்பு. ஒரு கிலோ அரிசிக்குப் பத்து, பதினொரு லிட்டர் கஞ்சி இறங்கும் என்பது பண்டாரிகள் எனப்படும் சமையல்காரர்களின் கைக்கணக்கு. அப்படியானால் அன்றைக்கு 30 கிலோ அரிசி வேண்டும்.

அதற்குத் தோதாக மற்றவை: பாசிப்பருப்பு 6 கிலோ, வெந்தயம் 300 கிராம், வெங்காயம் 9 கிலோ, தக்காளி 6 கிலோ, இஞ்சி ஒன்றரைக் கிலோ, பூண்டு 2 கிலோ, பச்சைமிளகாய் முக்கால் கிலோ, எண்ணெய் 3 லிட்டர், தேங்காய் 30, புதினாவும் மல்லித்தழையும் பத்துப் பதினைந்து கட்டு. கொத்துக்கறி 6 கிலோ. கறி போடாத பள்ளிகளும் உண்டு. கறி சாப்பிடாத அக்கம்பக்கத்தாரும் வாங்கிக் குடிக்க வேண்டும் என்பதற்காகவே சில ஊர்களில் வாரத்தில் சில நாள் வெறும் கஞ்சி காய்ச்சுகிறார்கள். பட்டை, கிராம்பு, ஏலம் மூன்றும் சேர்ந்து 150 கிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது கஞ்சியாக இராது, சோறு இல்லாத பிரியாணித் தண்ணீராகிவிடும்.

பாத்திரம் 200 லிட்டர் கொள்ளும் தேக்சா இரண்டு. ஒவ்வொன்றையும் முக்கால்வாசிக்குச் சற்று மேல் வரைதான் நிரப்ப முடியும். பாசிப்பருப்பு நுரைத்துக்கொண்டு மேலேறும், பொங்கினால் விறகை அணைத்துவிடும். செம்புத் தேக்சாவாக இருந்தால் ரமலானுக்கு முன்பே ஈயம் பூசிவிட வேண்டும். இதைத் தள்ளிப்போடுகிற பள்ளிகள் நிறைய. தக்காளிப் புளிப்பு வெறும் செம்பில் பட்டால் களிம்பு ஏறும், குடித்தவருக்கு வயிற்றைப் புரட்டும். நோன்பாளிக்கு முதலில் உள்ளே போவதே இந்தக் கஞ்சி என்பதால் பாதிப்பும் கூடுதல். உட்புறம் வெள்ளையாக இல்லாமல் எங்காவது சிவப்புத் தெரிந்தால் அந்தத் தேக்சாவை அன்றைக்கு ஒதுக்கி வைப்பதே சரி.

வேலை நண்பகல் தொழுகையான லுஹருக்கு முன்பே தொடங்கிவிடும். அரிசியைக் களைந்து அரைமணி நேரம் ஊறப்போட்டுத் தண்ணீரை வடித்து, கையால் பிசைந்தால் பச்சரிசி இரண்டு மூன்றாக உடையும். நொய்யாகவே வாங்கினால் இந்த வேலை மிச்சம், ஆனால் கல்லும் தவிடும் கூடுதலாக இருக்கும், இரண்டு தடவை அரிக்க வேண்டும். வெந்தயத்தைத் தனியே ஊறவைக்க வேண்டும். ஊறாத வெந்தயம் கடைசிவரை வேகாமல் பல்லில் கசக்கும். முந்நூறு கிராமுக்கு மேல் போட்டால் ஊறினாலும் கசக்கும்தான். உடம்புக்குக் குளிர்ச்சி என்று சொல்லி இரண்டு கை கூடுதலாக அள்ளிப்போடும் பெரியவர் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார்.

எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலம், பிறகு வெங்காயம். வெங்காயம் சிவக்கக் கூடாது, கண்ணாடிபோல் ஆனால் போதும். சிவந்தால் கஞ்சி நிறம் மாறிவிடும். இஞ்சி பூண்டு விழுது, பச்சைமிளகாய், பாதிப் புதினா, கொத்துக்கறி. கறியின் தண்ணீர் சுண்டியபின் தக்காளியும் சிறிது மஞ்சள்தூளும். அதன்மேல் தண்ணீர், இரண்டு தேக்சாவுக்குமாக 250 லிட்டர். இன்னொரு முப்பது லிட்டர் பக்கத்து அடுப்பில் தனியே கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். அதன் காரணம் பிறகு.

சவுக்கோ கருவேலமோ, விறகு அறுபது கிலோ வரை பிடிக்கும். அதில் பாதிக்கும் மேல் இந்தத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருவதற்கே போய்விடும். ஈர விறகு வந்து சேர்ந்த நாளில் எல்லாமே ஒருமணி நேரம் தள்ளிப்போகும். பெரும்பாலான பள்ளிகளில் கஞ்சி தாமதமானதற்குக் காரணம் விசாரித்தால் சமையல்காரர் மேல் பழி விழும். உண்மையில் பழி விறகுக் குவியலின் மேல் தார்ப்பாய் போடாதவர் மேல் விழ வேண்டும்.

கொதி வந்ததும் பருப்பும் வெந்தயமும். இருபது நிமிடம் கழித்து அரிசி. அரிசி விழுந்த நிமிடத்திலிருந்து துடுப்பு நிற்கக் கூடாது. நெஞ்சளவு உயரமுள்ள மரத்துடுப்பு அது, தோணித் துடுப்புக்குத் தம்பி. அதை வட்டமாகச் சுற்றினால் கஞ்சிதான் சுற்றும், நடு அடி அப்படியே கிடக்கும். ஓரத்திலிருந்து நடுவை வெட்டி எதிர் ஓரத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும், எட்டுப் போடுவதுபோல. அடியை உரசும் உணர்வு கைக்குத் தெரிய வேண்டும். வழவழவென்று ஓடிக்கொண்டிருந்த துடுப்பு ஓரிடத்தில் சற்றுத் தடுக்கினால் அங்கே பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நொடியில் எரிகிற கட்டையை வெளியே இழுத்துத் தணலில் விட்டால் காப்பாற்றலாம். ஒரு ஆள் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்க மாட்டார். புகை ஒருபக்கம், தாகம் ஒருபக்கம். துடுப்பு பிடிக்கிறவர்களில் பெரும்பாலோர் தாங்களும் நோன்பு வைத்தவர்கள், கூலிக்கு வந்தவர்கள் அல்ல. தேக்சா ஒன்றுக்கு நான்கு பேர் முறைபோட்டுக் கொண்டால்தான் ஓடும். பகலில் வேலைக்குப் போகும் இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூட்டமாக வந்து நிற்பதும் செவ்வாய்க்கிழமை இரண்டே பேர் இருப்பதும் வழக்கம். ரமலான் தொடங்குவதற்கு முன்பே நாள்வாரியாகப் பெயர் எழுதிச் சுவரில் ஒட்டும் பள்ளிகளில் இந்தச் சிக்கல் குறைவு.

மீறி அடிப்பிடித்துவிட்டால்? சுரண்டாதீர்கள். சுரண்டினால் கருகல் வாசனை 160 லிட்டருக்கும் பரவும். துடுப்பை எடுத்துவிட்டு, தீயைத் தள்ளிவிட்டு, மேலே உள்ளதை வாளியால் மொண்டு வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். அடியில் நாலு விரல் கஞ்சியை இழந்தால் மீதி பிழைக்கும்.

அடுத்தது உப்பு. இங்கேதான் இந்தச் சமையல் மற்ற விருந்துச் சமையலிலிருந்து மாறுகிறது. பண்டாரி நோன்பு வைத்திருப்பார். தேவை இருந்தால் நுனிநாக்கில் வைத்துப் பார்த்து, விழுங்காமல் துப்பிவிட ஃபிக்ஹில், அதாவது மார்க்கச் சட்டத்தில், அனுமதி உண்டு. ஆனாலும் பலர் செய்ய மாட்டார்கள், நோன்பு வீணாகிவிடுமோ என்ற பேணுதல். எனவே உப்பு நாக்கில் அல்ல, தராசில் நிற்கிறது. மேலே சொன்ன அளவுக்கு இரண்டரைக் கிலோ சரியாக இருக்கும். அதில் இரண்டு கிலோவை முதலில் போட்டு, மீதியைத் தேங்காய்ப்பால் விட்டபின் பார்த்துச் சேர்க்க வேண்டும். நோன்பு இல்லாத யாராவது ஒருவர் சொல்கிற வார்த்தைதான் கடைசி. பள்ளிக்கு எதிரே கடை வைத்திருக்கும் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, 'கொஞ்சம் பாருங்க' என்று ஒரு கரண்டி நீட்டுவது பல ஊர்களில் அன்றாட நிகழ்ச்சி. அளந்து போடாமல் கைக்குத்தாகப் போட்டால் நோன்பு திறக்கும் நேரமான மஃரிப் பாங்கு சொன்ன பிறகுதான் தெரியும், அப்போது ஊரில் பாதி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

தேங்காய்ப்பால் கடைசி. தளதளவென்று கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்து, எண்ணெய் மேலே மிதக்கும். தீயை முழுக்க இழுத்து, கொதி அடங்கி, ஓரத்தில் மட்டும் குமிழ் வரும் நிலையில் இரண்டாம் பாலை விட்டு ஐந்து நிமிடம் கிளற வேண்டும். பிறகு முதல் பால், மீதிப் புதினா, மல்லி. சில கடலோர ஊர்களில் இரண்டு இணுக்கு ரம்பை இலையும் விழும், இலங்கை உறவு அந்த வாசனையில் தெரியும். மூன்றே முக்காலுக்கெல்லாம் தேக்சா இறங்கிவிட வேண்டும். அஸர் என்ற பிற்பகல் தொழுகை முடிந்து வெளியே வரும்போது தெருவில் வரிசை நின்றுகொண்டிருக்கும்.

இறக்கிய கஞ்சி சும்மா இருப்பதில்லை. அரிசி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாலு மணிக்கு ஊற்றும் பதத்தில் இருந்தது ஐந்தரைக்குக் கூழாகிவிடும். தனியே கொதிக்க வைத்த அந்த முப்பது லிட்டர் இதற்குத்தான். பச்சைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்வது பெருந்தவறு. சூடு இறங்கும், தேங்காய்ப்பால் கலந்த கஞ்சி சூடு இறங்கினால் சீக்கிரம் கெடும். வேகவைத்த அரிசியில் தாக்குப்பிடித்துக் கிடக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற நுண்ணுயிர் வெதுவெதுப்பில்தான் பெருகும், மறுபடி சூடாக்கினாலும் அது விட்டுச்சென்ற நஞ்சு போகாது. மாலை வாங்கியதை விடியலுக்கு முந்திய ஸஹர் உணவுக்கு வைத்துக் குடிக்காதீர்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லும் பள்ளிகள் சொல்வதில் காரணம் இருக்கிறது. மிஞ்சியதைத் தராவீஹ் என்ற ரமலான் இரவுத் தொழுகைக்கு முன்பே யாருக்காவது கொடுத்துத் தீர்த்துவிட வேண்டும்.

வரிசைக்கு வருவோம். சின்னதும் பெரியதுமாக எவர்சில்வர் தூக்குகள், மூடி தொலைந்துபோய்த் தட்டு கவிழ்த்தவை, பிள்ளைகள் கையில் காதில் கயிறு கட்டிய அலுமினியச் சட்டிகள். யாரிடமும் பெயர் கேட்பதில்லை, நோன்பா என்று கேட்பதில்லை, எந்தச் சாதி எந்த மதம் என்று கேட்பதில்லை. ஆனால் கேட்காமல் இருப்பது வேறு, அளக்காமல் இருப்பது வேறு. பாத்திரம் நிறைய ஊற்றுவது என்று வைத்தால், மூன்றாம் நாள் வரிசையில் தூக்குகள் குடங்களாக மாறும். கடைசியில் நிற்கும் பீடி சுற்றும் அம்மாவுக்கு அகப்பை தேக்சாவின் அடியில் மோதும் சத்தம்தான் கிடைக்கும். பாத்திரம் எதுவானாலும் ஆளுக்கு இத்தனை அகப்பை என்று எண்ணிக்கை வைப்பதே ஒரே வழி. பெரிய குடும்பம் என்றால் இன்னொருவர் வந்து நிற்கட்டும். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனி வரிசை, ஒவ்வொரு வரிசைக்கும் தனித் தேக்சா. சூடான கஞ்சியை பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர்பேண்ட் போட்டுக் கொடுக்கும் பழக்கம் இடையில் புகுந்தது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை போட்டபின் அது ஓரளவு குறைந்து, தூக்கு திரும்ப வந்திருக்கிறது. ஊற்றுகிறவருக்கும் தூக்குதான் பாதுகாப்பு, பையைப் பிடித்துக் கை வெந்தவர்கள் உண்டு.

இதற்கெல்லாம் பணம்? அரிசியில் ஒரு பங்கு அரசிடமிருந்து வருகிறது. ரமலானில் பள்ளிவாசல்களுக்குக் கஞ்சிக்கான பச்சரிசியைத் தமிழக அரசு 2001 முதல் மொத்த அனுமதி முறையில் ஒதுக்கிவருகிறது. 2020-இல் அறிவிக்கப்பட்டது 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன். வகுத்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்குச் சராசரியாக 1,880 கிலோ, நாளொன்றுக்கு 62 கிலோ சொச்சம். அந்த வருடம் ஊரடங்கு. பள்ளியில் அடுப்பு மூட்ட வழியில்லை, அரிசியாகவே வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

மீதிச் செலவு முழுக்க மஹல்லாவின் கையில். 'இன்றைய கஞ்சி' என்று ஒருநாள் செலவை ஒருவர் அல்லது ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்வது பழைய முறை. இதில் ஒரு கோளாறு உண்டு. வெள்ளிக்கிழமைகளுக்கும் 27-ஆம் நாளுக்கும் போட்டி இருக்கும், நடுவில் ஒன்பது பத்து நாளுக்கு ஆள் கிடைக்காது. வெளிநாட்டில் சம்பாதிப்பவரின் நாளில் கறி மிதக்கும், ஆட்டோ ஓட்டுபவர் ஏற்ற நாளில் பருப்பு மட்டும் இருக்கும். கரும்பலகையில் பெயரும் எழுதியிருந்தால் சொல்லவே வேண்டாம். இதனால் எல்லா நாளையும் ஒரே கணக்கில் போட்டு முப்பதால் வகுக்கும் ஜமாஅத்துகள் இப்போது கூடி வருகின்றன. வாங்கியவரிடம் நன்றியோ கைம்மாறோ எதிர்பார்க்காமல் ஏழைக்கும் அனாதைக்கும் கைதிக்கும் உணவளிப்பவர்களைக் குர்ஆனின் 76-ஆம் அத்தியாயம் பேசுகிறது. கரும்பலகையைவிட இந்தப் பொதுக்கணக்கு அதற்கு நெருக்கம் என்றே தோன்றுகிறது.

கணக்கில் நடக்கும் இன்னொரு தவறு ஜகாத்தைக் கஞ்சியில் கலப்பது. ஜகாத் என்பது வரம்புக்கு மேல் ஒரு வருடம் கையில் நின்ற செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு. யாருக்குச் சேர வேண்டும் என்று எட்டு வகையினர் வரையறுக்கப்பட்டிருக்கிறார்கள். கஞ்சியோ வசதியுள்ளவரும் இல்லாதவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குடிப்பது. எனவே கஞ்சி ஸதகா என்ற விருப்பத் தர்மத்திலிருந்தும் நன்கொடையிலிருந்தும்தான் நடக்க வேண்டும், ஜகாத் தனிப் பெட்டி. பெருநாள் தொழுகைக்கு முன் கொடுக்கும் ஃபித்ராவும் தனி. ஆளுக்கு இரண்டரைக் கிலோ அரிசி அல்லது அதன் மதிப்பு என்பது நம் பக்கத்தில் பரவலான அளவு. மூன்று பெட்டிக்கும் மூன்று ரசீதுப் புத்தகம் வைக்காத பள்ளியில் கணக்குக் கேட்கிற நாளில் சண்டை வரும்.

சென்னை திருவல்லிக்கேணியில் 1795-இல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசலில் நடப்பது இந்த முறையிலிருந்து சற்று விலகியது, சொல்லாமல் விட முடியாது. அங்கே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நோன்பு திறக்கும் உணவைக் கொண்டுவந்து பரிமாறுகிறவர்களில் மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையினர் முக்கியமானவர்கள். தேசப் பிரிவினையின்போது சிந்துவை விட்டு வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிய அமைப்பு அது. தொண்டர்களில் பெரும்பாலோர் சிந்தி இந்துக்கள். தங்கள் இடத்திலேயே சைவமாகச் சமைத்து, வண்டியில் ஏற்றி வந்து, தலையில் தொப்பி வைத்துக்கொண்டு பரிமாறிவிட்டுப் போகிறார்கள்.

இரவு தராவீஹ் நடக்கும் நேரத்தில் பின்கட்டில் தேக்சா கழுவுவார்கள். அடியில் ஒட்டியதைத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து மரக்கட்டையால்தான் எடுக்க வேண்டும், இரும்புக் கரண்டி பட்டால் பூசிய ஈயம் போய்விடும்.

மாதக் கடைசியில் ஒரு சங்கடம் உண்டு. ரமலான் 29-இல் முடியுமா 30-இல் முடியுமா என்பது 29-ஆம் நாள் மஃரிபுக்குப் பின் பிறை பார்த்துத் தலைமை காஜி அறிவிக்கும்வரை தெரியாது. முப்பதாம் நாளுக்கான அரிசி, பருப்பு, விறகு இருப்பில் இருக்கலாம், கெடாது. தேங்காய்கூடத் தாங்கும். கறிக்கும் புதினாவுக்கும் தக்காளிக்கும் மட்டும் அறிவிப்பு வரும்வரை சொல்லி வைக்கக் கூடாது. பிறை தெரிந்துவிட்டால் அடுப்புக்கு வேலையில்லை. முப்பதாம் நாளை ஏற்றவர் கொடுத்த பணத்தை அவரைக் கேட்காமல் வேறு எதற்கும் எடுக்க முடியாது. பெருநாள் இரவின் பரபரப்பில் பள்ளி நிர்வாகியான முத்தவல்லி அவரைத் தேடிப்போய், பணத்தைத் திருப்பித் தரட்டுமா, அடுத்த வருடக் கஞ்சிக்கு வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு, பதிலை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்.